ஒன்பது தொப்பி

நாளைக் காலை பத்து மணிக்குக் கீழ்வீட்டு மாமாவைக் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறார்கள். தான் செய்ததாக அவர் ஒப்புக்கொண்டிருக்கும் காரியத்தை அவர் செய்யவில்லை. நான்தான் செய்தேன். நான்கு நாளாக இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன், பள்ளிக்கூடம் போனேன், கணக்குப் பரீட்சைகூட எழுதினேன். இப்போது மணி ஒன்றரை. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். அவளும் தூங்கவில்லை.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியின் கார் நிறுத்துமிடத்தில், கேமரா அறையில் வேலை. காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஏழு வரை பன்னிரண்டு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். மாமாவுக்கும் அதே இடத்தில்தான் வேலை, ஆனால் கீழ்த்தளத்தில். சரிவில் இறங்கி வரும் கார்களுக்குக் கை காட்டி, வளைத்து, பின்னால் எடுக்கச் சொல்லி, இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்க வைப்பார். "இந்த வேலைக்கு வந்ததிலேருந்து வீட்டுல சோத்துத் தட்டைக்கூட என்னால நேரா வாங்க முடியல பாப்பா. வா, வா, இன்னும் வா, போதும்னு வாயில வந்துடுது. உங்க அத்தை ஒரு நாள் தட்டோட திரும்பிப் போயிட்டா" என்பார்.

கேமரா அறைக்குள் வெளியாளை விடமாட்டார்கள். வீட்டில் தனியாக இருக்க எனக்குப் பயம். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கீழ்த்தளத்துக்குப் போய், மாமாவின் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். ஏழு மணிக்கு அம்மா இறங்கி வருவாள். இரண்டு வருஷமாக இப்படித்தான்.

கீழ்த்தளத்தில் அறுபது இடங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே கூரையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. கீழே கார் நின்றால் அதில் சிவப்பு விளக்கு எரியும், காலியாக இருந்தால் பச்சை. எத்தனை பச்சை என்று பெட்டிகளே எண்ணி, வாசலில் இருக்கும் பலகைக்கு அனுப்பிவிடும். மேல்தளத்தில் இத்தனை, கீழ்த்தளத்தில் இத்தனை என்று பலகை காட்டும். இரண்டும் ஜீரோவாகிவிட்டால் 'இடமில்லை' என்று வரும், வாசல் தடுப்பு தூக்காது. கெஞ்சினாலும் தூக்காது.

அந்தப் பெட்டிகளுக்குக் கண் கிடையாது. கீழே ஏதோ ஒன்று இருக்கிறது, இல்லை, அவ்வளவுதான் தெரியும். இருப்பது காரா அட்டையா என்று தெரியாது. இதை முதலில் கண்டுபிடித்தவர் யாரென்று எனக்குத் தெரியவில்லை. நான் போக ஆரம்பித்தபோதே அங்கே தொப்பி இருந்தது. ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியில் இரண்டு கம்பி வளையம் கோத்து, தரை துடைக்கும் கம்பின் நுனியால் தூக்கிப் பெட்டிக்குக் கீழே மாட்டிவிட வேண்டும். பச்சை சிவப்பாகிவிடும். அந்த இடத்துக்கு யாரும் வரமாட்டார்கள். அதற்குப் பெயர்தான் தொப்பி போடுவது. பகல், இரவு இரண்டு ஷிஃப்ட்காரர்களின் தொப்பிகளும் கூண்டுக்குள் ஓர் அட்டைப்பெட்டியில் கிடக்கும்.

மாமா தொப்பி போடுவது ஒரே ஓர் இடத்துக்குத்தான். லிஃப்டுக்குப் பக்கத்தில், முப்பத்தொன்று. அது ரொட்டிக்காரருக்கு. அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், வாரத்தில் மூன்று நாள் காலையில் இரத்தம் சுத்தம் செய்ய வருவார். முன்பு சொந்தமாக ரொட்டி அடுப்பு வைத்திருந்தவராம். இப்போது பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். கார் ஓட்டுவது அவருடைய மனைவி. அந்த அம்மாவுக்கு வளைத்துப் பின்னால் எடுக்க வராது. முப்பத்தொன்று மட்டும் நேராக நுழைகிற மாதிரி அகலமான இடம். அவர்கள் கார் சரிவில் இறங்குவதைப் பார்த்ததும் மாமா தொப்பியை எடுத்துவிடுவார். தோள்பட்டை பிடித்துக்கொண்டு கையைத் தூக்க முடியாமல் போனதிலிருந்து சனிக்கிழமைகளில் நான் மாட்டிக் கொடுப்பேன், மற்ற நாட்களில் இரவு ஷிஃப்ட்காரர் போகும்போது மாட்டிவிட்டுப் போவார்.

தொப்பிக்கு ஒரு சட்டம் இருந்தது. "பலகையில நம்ம தளம் அஞ்சுக்குக் கீழ வந்துட்டா தொப்பியைத் தொடக்கூடாது பாப்பா. ஒரு பச்சையாவது பலகைக்குப் போய்க்கிட்டே இருக்கணும்" என்று மாமா சொல்லியிருக்கிறார். நானும் தலையாட்டியிருக்கிறேன். ஏன் என்று கேட்கவில்லை.

மாமாவின் மேலதிகாரியை எல்லோரும் விசில் என்பார்கள். கழுத்தில் விசில் தொங்கும், ஊதி யாரும் கேட்டதில்லை. விசிலுக்குத் தொப்பி விஷயம் தெரியும். தெரியாத மாதிரி நடப்பார்.

போன வியாழக்கிழமை இரண்டாவது நாளாக மழை. ஒவ்வொரு காரும் ஒரு குடம் தண்ணீரைக் கீழே கொண்டுவந்து கொட்டியது. சக்கரத் தண்ணீரும் புகையும் சேர்ந்து தளம் முழுக்க ஈரச் சாக்கு நாற்றம். நான் போனபோது மாமா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. தொட்டுப் பார்த்தேன், கை சுட்டது. மாற்று ஆள் வரவில்லை. வீட்டுக்குப் போகட்டுமா என்று விசிலிடம் கேட்டிருக்கிறார்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்குப் போகணும், நீதான் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்கு வந்துட்டியே, நில்லுன்னான்." மாமா சிரிக்கப் பார்த்தார், பல் தந்தியடித்தது. "சம்பளம் உனக்கு, வேலை சென்சாருக்கு, உனக்கு என்னய்யா நோவு வந்துச்சுன்னான்."

நாலரைக்குப் பார்வையாளர் நேரம். கார்கள் விடாமல் இறங்கின. ஒரு சந்து கிடைத்தபோது மாமா கூண்டுக்குள் வந்து உட்கார்ந்தார். "அஞ்சே நிமிஷம் பாப்பா. வண்டி வந்தா எழுப்பு" என்று சுவரில் தலையைச் சாய்த்தார். இரண்டு முறை எழுப்பினேன். இரண்டாவது முறை அவர் போய் நிற்கும்போது கால் மடங்கி, வந்த காரின் மேலேயே கையை ஊன்றினார். உள்ளே இருந்த ஆள் ஹாரன் அடித்தான். மாமா அவனிடம் மன்னிப்புக் கேட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தவுடன் தூங்கிவிட்டார், வாய் திறந்திருந்தது.

அப்போது தளத்தில் ஒன்பது பச்சை இருந்தது. ஒன்பதும் கண் முன்னால் வரிசையாக எரிந்தன. ஒவ்வொரு பச்சையும் ஒரு காரைக் கூப்பிடும், ஒவ்வொரு காருக்கும் நான் மாமாவை எழுப்ப வேண்டும். அரை மணி நேரம் பலகை கீழ்த்தளத்தை ஜீரோ என்று காட்டினால் கார்கள் மேல்தளத்திலேயே நின்றுகொள்ளும் என்று நினைத்தேன். அட்டைப்பெட்டியை எடுத்தேன். ஒன்பதுக்கும் தொப்பி போட்டேன். கீழ்த்தளம் சட்டென்று அமைதியாகிவிட்டது. எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

மேல்தளத்தில் இடம் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை.

காய்ச்சல் மாத்திரை வாங்கலாம் என்று லிஃப்டில் ஏறி மருந்துக்கடைக்குப் போனேன். முன்னால் இருபது பேர் நின்றார்கள். பில் போடும் கம்ப்யூட்டர் நின்று நின்று வேலை செய்தது. மாத்திரையோடு கீழே வரும்போது ஐந்தே முக்கால்.

மாமா இடது கையால் கம்பைப் பிடித்து ஒவ்வொரு தொப்பியாகத் தட்டி விழவைத்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் கதவு திறந்ததும் என்னைப் பார்த்தார். "மேல போ" என்றார். "படிக்கட்டு வழியா வீட்டுக்குப் போ. இன்னிக்கு நீ இங்க வரவே இல்ல."

என்ன நடந்தது என்று மறுநாள்தான் தெரிந்தது. அன்று காலையில் இரத்தம் சுத்தம் செய்யும் மிஷின் பழுதாகி, ரொட்டிக்காரரைச் சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் வந்தபோது பலகையில் 'இடமில்லை'. வாசலில் இருக்கும் பட்டனை அமுக்கிப் பேசிப் பார்த்தார்களாம். இடமில்லை என்றே பதில் வந்ததாம். அந்த அம்மா காரை எடுத்துக்கொண்டு போய் எதிர்ப்புறச் சந்தில் நிறுத்திவிட்டு, மழையில் அவரைக் கைத்தாங்கலாக ரோட்டைக் கடக்க வைத்திருக்கிறார். ஒரு பைக் வந்து அடித்துவிட்டது. இடுப்பெலும்பு உடைந்துவிட்டது, தலையிலும் அடி. இரத்தம் சுத்தம் செய்யாமல் ஆபரேஷன் பண்ண முடியாது, இப்போது இருக்கிற நிலைமையில் சுத்தம் செய்யவும் யோசிக்கிறார்கள். இன்றுவரை கண் திறக்கவில்லை.

சக்கர நாற்காலி கேட்க அந்த அம்மா சரிவிலேயே ஓடி வந்தாராம். ஒன்பது காலி இடங்கள், மேலே ஒன்பது சிவப்பு விளக்கு, கூண்டுக்குள் மாமா தூக்கம்.

சனிக்கிழமை படிக்கட்டில் மாமாவைத் தனியாகப் பார்த்தேன். குழந்தையின் பால் பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

"நான் போய்ச் சொல்லிடுறேன் மாமா."

"என்னன்னு சொல்லுவ. என் கூண்டு, என் கம்பு, நான் சொல்லிக் குடுத்தது. யாரு மாட்டினா என்ன. நான் முழிச்சிருந்தா நடந்திருக்குமா?" பாட்டிலை உதறினார். இரண்டு படி இறங்கினார். அப்புறம் நின்றார். "ஆனா ஒன்பதையுமா பாப்பா? ஒரு பச்சையை விட்டிருக்கலாமே."

அவர் திட்டியது அவ்வளவுதான். ஓங்கி அறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

வெள்ளிக்கிழமையே மேனேஜர் கேமராப் பதிவுகளைக் கேட்டுவிட்டார். கீழ்த்தளத்தில் இரண்டு கேமரா. மூன்றாம் எண் கூண்டில் மாமாவின் நாற்காலியையும் சரிவையும் பார்க்கும், நான் உட்காரும் மூலை அதில் விழாது. நான்காம் எண் லிஃப்ட் பக்கத்து வரிசையைப் பார்க்கும். அம்மா மூன்றாம் எண்ணை எடுத்துக் கொடுத்தாள். அதில் மாமா வாயைத் திறந்து தூங்குவது மட்டும் ஒரு மணி நேரத்துக்கு இருந்தது. நான்காம் எண்ணில் ஈரம் இறங்கி இரண்டு நாளாகப் பதிவே ஆகவில்லை என்று சொன்னாள். போனில் விசிலிடம் அவள் சொன்னதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு மூச்சு வந்தது. ஈரம் என்னைக் காப்பாற்றியது என்று நினைத்தேன். நினைத்த உடனேயே எழுந்து போய் முகத்தைக் கழுவினேன்.

தூங்குவதற்காகத் தளத்தையே மூடியிருக்கிறான் என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். ரொட்டிக்காரரின் மகன் போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறான். நாளைக்கு விசாரணையில் மாமா கையெழுத்துப் போட்டால் வேலை போகும், கேஸும் அவர் மேல் நிற்கும். ரொட்டிக்காரர் பிழைக்கவில்லை என்றால் என்ன கேஸ் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இன்று ஞாயிற்றுக்கிழமை, அம்மாவுக்கு லீவு. மத்தியானம் அத்தை மேலே வந்தாள். இடுப்பில் குழந்தை, தலை சீவாமல் அள்ளி முடிந்திருந்தாள். நான் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். குழாயை மூடிவிட்டேன்.

"உக்காரும்மா. டீ போடுறேன்" என்றாள் அம்மா.

"டீயெல்லாம் வேணாம்க்கா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு வந்தேன். அந்த நாலாம் நம்பர்ல ஒரு நிமிஷம்கூடவா பதிவாகல?"

அம்மா அடுப்பைப் பற்ற வைத்தாள். இரண்டு தரம் தீக்குச்சி அணைந்தது. "ஈரம்மா. என்ன பண்றது."

"இல்லக்கா, எனக்குப் புரியல, அதான் கேக்குறேன். இந்த மனுஷனுக்குச் சட்டையை நான்தான் மாட்டி விடுறேன். வலது கை தோளுக்கு மேல போகாது. தலைக்கு எண்ணெய் வெக்கிறதுன்னாலும் என்கிட்டதான் தலையை நீட்டுவார். காய்ச்சல்ல நிக்க முடியாத ஆளு, ஒன்பது இடத்துல கம்பைத் தூக்கி எப்படிக்கா மாட்டினார்? கேட்டா, மாட்டினேன்னு ஒரே பேச்சு. மொகத்தைப் பாத்துச் சொல்ல மாட்டேங்கிறார்."

"அந்த நேரத்துல ஒரு வேகம் வந்திருக்கும்."

"வேகமா? அவருக்கா?" அத்தை லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே கண் நிறைந்துவிட்டது. "அந்தம்மா இருக்காங்கள்ல, ரொட்டிக்காரர் வீட்டம்மா. அன்னிக்கு அவரை எழுப்பி ஒரு வார்த்தைதான் கேட்டாங்களாம். நீங்கதானே எங்களுக்கு எடம் வெச்சுக் குடுப்பீங்கன்னு. அதைச் சொல்லிச் சொல்லி நாலு நாளா இந்த மனுஷன் சாப்பிடலக்கா. நீங்க நாளைக்கு அங்க இருப்பீங்க. அவருக்குக் காய்ச்சல்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. விசில் சொல்லமாட்டான்."

"சொல்றேன்" என்றாள் அம்மா.

"நீங்க சொன்னா நம்புவாங்க. பொம்பளை, அதுவும் கேமரா பாக்குறவங்க."

குழந்தை அம்மாவின் வளையலைப் பிடித்து இழுத்தது. அம்மா அதை விடுவித்துக்கொள்ளவும் இல்லை, குனிந்து கொஞ்சவும் இல்லை. டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் ஓடி வந்து அணைத்தேன். அத்தை என்னைப் பார்த்து, "பரீட்சை நல்லா எழுதினியா கண்ணு?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு என்னால் இருக்க முடியவில்லை. ஆறு மணி வாக்கில் கீழே போனேன். மாமா வீட்டில் இல்லை. தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசல் வரை போய் நின்றுவிட்டு, உள்ளே போகப் பயந்து திரும்பி வருகிறாராம். அத்தை ஈரத் துணிகளை அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மாமாவின் நீலச் சீருடைச் சட்டையும் அதில் இருந்தது. நாளைக்குப் போட்டுக்கொண்டு போக.

"அத்தை, தொப்பி போட்டது நான்" என்றேன்.

அவள் கையிலிருந்த குழந்தைத் துணியைப் பிழிந்து முடித்தாள். உதறினாள். கொடியில் போட்டாள். "எத்தனை?"

"ஒன்பதும்."

"எதுக்கு?"

"மாமா தூங்கட்டும்னு."

அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டாள். துணிகளிலிருந்து சொட்டும் தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது. அவள் அழுவாள், கத்துவாள், முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே போவாள் என்றெல்லாம் காத்திருந்தேன்.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது அத்தை. சத்தியமா தெரியாது."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து மிச்சத் துணியை எடுத்தாள். "ஒன்பதரைக்குக் கெளம்புவோம். நீயும் வர. உன் ஸ்கூல் யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டு வா. சடையை ரெட்டையாப் பின்னிக்க. சின்னப் பொண்ணுன்னு அவங்க கண்ணுக்குத் தெரியணும்." துணியைக் கொடியில் போட்டாள். "என் புருஷனையும் நான் விட்டுக் குடுக்க முடியாதுடி. உன்னையும் முடியல. போ, உங்கம்மாகிட்ட இன்னிக்கே சொல்லு."

மேலே வந்தேன். அம்மா கதவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். நான் இறங்கியதிலிருந்து அங்கேயே நின்றிருப்பாள் போல.

"எங்க போயிருந்தே?"

"கீழே. அத்தைகிட்ட சொல்லிட்டேன்."

எதைச் சொன்னாய் என்று அம்மா கேட்கவில்லை. கதவைத் தாழ்ப்பாள் போட்டாள், திரும்பவும் திறந்தாள், திரும்பவும் போட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உனக்குத் தெரியுமா?"

"நாலாம் கேமரா பதிவாகியிருக்கு" என்றாள். "ஈரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கேமரா அறை அலமாரியில என் டிபன் பைக்குள்ள ஒரு பென் டிரைவ்ல இருக்கு. காலையில எட்டு மணிக்கு நானே கொண்டுபோய் மேனேஜர் மேசையில வெக்கிறேன்."

"உனக்கு வேலை போயிடுமே."

"போகும். நோட்டை எடு."

"எதுக்கு?"

"நேரம் கேப்பாங்க. எத்தனை மணிக்கு எந்த எடம்னு கேப்பாங்க. அழுதுக்கிட்டு முன்னுக்குப் பின்னா உளறினேன்னா, மாமாதான் உன்னைப் பேச வெக்கிறார்னு சொல்லிடுவாங்க. எழுதி வெச்சுக்க."

கணக்கு நோட்டின் பின்பக்கத்தைத் திறந்தேன். எனக்கு நேரம் எதுவும் நினைவில்லை. நாலரைக்கு மேல் என்று மட்டும் சொன்னேன். அம்மா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.

"நாலு அம்பத்தொண்ணு, முப்பத்தொண்ணாம் நம்பர். நாலு அம்பத்திரெண்டு, முப்பத்திரெண்டு. அதே நிமிஷத்துலதான் முப்பத்தஞ்சும். முப்பத்தெட்டுல தொப்பி கீழ விழுந்துடுச்சு. குனிஞ்சு எடுத்து சட்டையில தொடைச்சிட்டுத் திரும்ப மாட்டினே. அது நாலு அம்பத்தஞ்சு."

கையில் ஒரு காகிதம்கூட இல்லை. எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று நான் கேட்கவில்லை. எழுதிக்கொண்டே போனேன்.

"அஞ்சு மணி ரெண்டு. ஒன்பதாவது. கம்பைச் சுவத்துல சாய்ச்சு வெச்சே. அப்புறம் கேமராவைப் பாத்துக் கை ஆட்டினே."

நினைவு வந்தது. மேலே அம்மா உட்கார்ந்திருக்கிறாள், பார்த்துக்கொண்டிருப்பாள் என்று ஆட்டினேன்.

"நீ பாக்கலையா?"

"எண்ணு ஒழுங்கா வந்துக்கிட்டு இருந்தா படத்தை யாரு பாக்குறா."

முடிந்தது என்று நினைத்து நோட்டை மூடப் போனேன். அம்மா என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

"இன்னும் ஒண்ணு இருக்கு. அஞ்சு இருபத்தொண்ணு. வாசல் பட்டன் அடிச்சுது. அது என் மேசையிலதான் வந்து அடிக்கும். ஒரு அம்மா பேசினாங்க. எங்களுக்கு எப்பவும் கீழ ஒரு எடம் இருக்கும், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்னாங்க. நான் எண்ணைப் பாத்தேன். ஜீரோ. நாலாம் திரை என் மூஞ்சிக்கு நேரா இருக்கு. நிமிந்து பாத்திருந்தா ஒன்பது எடமும் தெரிஞ்சிருக்கும்." என் கையை விட்டாள். "எடமில்லைம்மா, பின்னாடி வண்டி நிக்குது, எடுங்கன்னேன்."

நான் எழுதாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பாக்குற. எழுது" என்றாள் அம்மா. "எடுங்கன்னு சொன்னேன். அதையும் எழுது."